17,500 ரூபாய் வாங்கிட்டு வேரைச் சரியா சுத்தம் பண்ணாமலே கேப் (பல்லுக்கு மேல மாட்டுற உறை) மாட்டி அனுப்பின பல் கிளினிக்: எல்லைப் பக்கம் இருக்கிறவங்க கவனிங்க

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. புகார் கொடுக்கப் போறோம், அதனால பேர் போடல. எல்லை தாண்டினதும் கேரளாப் பக்கம் ரோட்டோர மாடியில, வாரம் ஒரு சலுகை போஸ்டர் ஒட்டுற ரகம். பாதிக்கப்பட்டது எங்க சித்தி. முந்திரி ஆபீஸ்ல பருப்பு உடைச்சுச் சேர்த்த காசு, 17,500 ரூபாய். நான் பல் லேப்ல கேப் செய்யிற ஆள். என்ன நடந்ததுன்னும், எப்படிச் சரிபார்க்கணும்னும் முழுசா எழுதிடுறேன்.

பல், கீழ்த்தாடை வலப்பக்கம் முதல் பெரிய கடைவாய்ப்பல். டாக்டர்கள் சீட்டுல 46னு எழுதுவாங்க. இந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் ரெண்டு வேர். முன்வேருக்குள்ள ரெண்டு கால்வாய், பின்வேருக்குள்ள ஒண்ணு, சிலருக்கு அதுலயும் ரெண்டு. வேர் சிகிச்சைன்னா இந்த மூணு நாலு கால்வாயையும் நுனி வரைக்கும் சுத்தம் பண்ணி அடைக்கிறது. சுத்தம் பண்ண உள்ளே விடுற ஊசி மாதிரி அரம்தான் ஃபைல். அதுல 15ஆம் நம்பரோட நுனி 0.15 மில்லிமீட்டர்தான். அவ்வளவு ஒடுங்கின வழி. அவசரத்துல முடியிற வேலையே இல்ல.

சித்தி நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன். வாய்க்குள்ள சின்ன கேமராவை விட்டு, சுவர்ல இருந்த டிவில காட்டியிருக்காங்க. சொத்தைக் குழி தட்டு அகலத்துக்குத் தெரிஞ்சிருக்கு. “பாத்தீங்களா அம்மா, நரம்பு வரை போயாச்சு. ஒரே சிட்டிங்ல முடிச்சிடலாம். சிர்கோனியா கேப் போட்டுக்கிடுங்க, 15 வருஷம் வாரண்டி.” தன் பல்லையே அவ்வளவு பெருசா பார்த்ததும் சித்தி மறுபேச்சு பேசல. அந்தக் கேமரா பல்லோட மேல்பக்கத்தை மட்டுந்தான் காட்டும். வேரும் அதைச் சுத்தி இருக்கிற எலும்பும் எக்ஸ்ரேயில மட்டுமே தெரியும். வேர் சிகிச்சைக்கு 5,500, கேப்புக்கு 12,000, மொத்தம் 17,500 ரூபாயையும் முதல் நாளே வாங்கிட்டாங்க.

சேர்ல படுத்து எழும்பினது 25 நிமிஷம். ஒரே சிட்டிங்ல செய்யிறது தப்பில்ல, நல்ல டாக்டர்களும் செய்றாங்க. ஆனா கடைவாய்ப்பல்லுக்கு ஊசி போட்டு மரத்து, பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் மாட்டி, கால்வாயைக் கண்டுபிடிச்சு, நீளம் அளந்து, ஃபைல் போட்டு, ஹைப்போகுளோரைட் மருந்தால பலதடவை கழுவி, காகிதக் குச்சியால ஈரம் எடுத்து, கட்டாபெர்ச்சாங்கிற ரப்பர் மாதிரி குச்சியும் பேஸ்ட்டும் வச்சு அடைக்க 25 நிமிஷம் எப்படிப் போதும்? ரப்பர் ஷீட்டே போடல. பஞ்சு மட்டும் வச்சிருக்காங்க.

வலி நின்னுபோச்சு. ஏமாந்தது இங்கதான். பல்லோட மேல் அறையில இருந்த நரம்புச் சதையைக் கிள்ளி எடுத்தாலே வலி அடங்கிடும். வேருக்குள்ள செத்த சதை கிடந்து அழுகுறது வெளியே தெரியாது. ஒரு வாரம் கழிச்சு கேப் ஒட்டினாங்க. மூணாவது வாரம், அந்தப் பல்லுக்கு நேரா ஈறுல மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். அமுக்கினா உப்புக் கரிக்கிற சீழ். உடைஞ்சா வலி இருக்காது, நாலு நாள்ல மறுபடி முளைக்கும். “வலி இல்லல்லா மக்களே, போட்டும்”னாங்க சித்தி. அது ஆறினதுக்கு அடையாளம் இல்ல. எலும்பைத் துளைச்சு சீழ் வெளியேற வழி போட்டிருக்குன்னு அர்த்தம்.

போன் போட்டோம். “புது கேப் இல்லையா, செட் ஆக டைம் எடுக்கும்.” ரெண்டாவது தடவை அஞ்சு நாள் ஆன்டிபயாடிக். மூணாவது தடவை அதே மாத்திரை இன்னொரு அஞ்சு நாள். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது, மாத்திரை எப்படி உள்ளே போகும்? வெளியே வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். அப்புறம் “டாக்டர் லீவு, வெள்ளிக்கிழமை வாங்க.” வெள்ளிக்கிழமை போனா ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. எக்ஸ்ரே கேட்டோம், “கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணியாச்சு.” கடைசியா ரிசப்ஷன்ல ஒரு வார்த்தை: “நீங்க தமிழ்நாட்டு ஆளுங்கல்லா, இங்க கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்க.” அதுக்குப் பிறகு வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு மட்டும். 17,500 ரூபாய் வாங்கும்போது எந்த ஊர் ஆள்னு கேக்கல.

வேற டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்தோம். அடைச்ச இடம் வெள்ளைக் கோடா தெரியும். பின்வேர்ல ஒரே ஒரு கோடு, அதுவும் நுனிக்கு 5 மில்லிமீட்டர் முன்னாடியே நின்னுபோச்சு. நுனியை ஒட்டி, மிஞ்சிப்போனா 2 மில்லிமீட்டருக்குள்ள முடியணும். முன்வேர் ரெண்டு கால்வாயும் அடைக்காம காலியா கிடக்கு. ரெண்டு வேர் நுனியிலயும் கறுப்பு நிழல், அங்கே எலும்பு கரைஞ்சிருக்கு.

கேப்பைக் கழற்றினாங்க. திருப்பிப் பார்த்தா உள்பக்கம் சாம்பல் நிற உலோகம். அதுக்கு மேலே பல் நிறத்துல பீங்கான் பூசியிருக்கு. சிர்கோனியா உள்ளயும் வெளியயும் ஒரே வெள்ளையா இருக்கும். தினமும் என் கையில புரளுற சாமான், பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. லேப்ல இந்த உலோகக் கேப்போட விலை சிர்கோனியால பாதிகூட வராது. எக்ஸ்ரேயில ரெண்டும் கெட்டி வெள்ளையாத்தான் விழும், வாயில ஒட்டினதுக்கப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

நிறைய எழுத நினைச்சேன், சித்தியைக் கூட்டிட்டுக் கிளம்பணும். முக்கியமானது மட்டும்.

வேர் அடைச்ச உடனே எடுத்த எக்ஸ்ரேயை, கேப்புக்கு அளவு எடுக்கும் முன்னாடியே போன்ல வாங்கிக்கிடுங்க. தரலைன்னா அடுத்த பணம் கொடுக்காதீங்க. ஒட்டும் முன்னாடி கேப்பை வாங்கி உள்பக்கம் பாருங்க. வாரண்டி கார்டுல லேப் பேரும் நம்பரும் இருக்கணும், அந்த லேபுக்கே போன் போட்டுக் கேளுங்க.

தாடைக்கு அடியில வீக்கம், வாய் திறக்க முடியாம போறது, எச்சில் முழுங்க முடியாதது, நாக்கு மேலே தூக்குறது, இதுல ஒண்ணு வந்தாலும் கிளினிக் கிளினிக்கா அலையாதீங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரமோ, எது பக்கமோ அங்க அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. மூச்சு அடைக்கிற அளவுக்குப் போகும். சுகர் உள்ளவங்க இன்னும் கவனம்.

வேற மாநிலம்னு சொல்லி விரட்டினா நம்பாதீங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்துலயே வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. நீங்க கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா வழக்குக் கட்டணம் கிடையாது. உதவி எண் 1915.

பில், சீட்டு, வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீங்க. கழற்றின கேப்பையும் தூக்கிப் போடாதீங்க. சித்தியோடது ஒரு விபூதி டப்பாவுல பத்திரமா இருக்கு.