எம்.இ. படிப்பதா, வேலைக்குப் போவதா: திருவொற்றியூரில் போட்ட ஒரு கணக்கு

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டுடன் வீட்டுக்கு வந்தாள். வேதிப் பொறியியல் இறுதியாண்டு. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நோட்டின் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் 'எம்.டெக்.', மறுபுறம் 'வேலை' என்று எழுதியிருந்தாள். (எம்.இ., எம்.டெக். இரண்டும் பொறியியல் முதுநிலைப் பட்டங்கள்தான்.) வேலைப் பக்கம் அடிவரை நிரம்பியிருந்தது. எம்.டெக். பக்கத்தில் ஒரே வரிதான்: 'இரண்டு வருடம் வருமானம் இல்லை.'

"அண்ணா, படித்தால் வேலை கிடைக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

அந்த ஒரு வரியே தவறு என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வில் தகுதி பெற்று ஐ.ஐ.டி., என்.ஐ.டி. அல்லது தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர முதுநிலைப் படிப்பில் சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.டி.யில் அதற்கு ஈடாக வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ பேராசிரியருக்கு உதவ வேண்டும். இருபத்து நான்கு மாதம் கிடைத்தால் 2,97,600 ரூபாய். இப்போதே 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதே காலத்தில் 4,80,000. வித்தியாசம் 1,82,400. இதோடு கட்டணம், விடுதி, சாப்பாடு சேரும். லாரி ஓட்டும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் 'வருமானமே இல்லை' என்பதற்கும் இதற்கும் வெகுதூரம். கல்லூரிகளில் இந்தப் பணம் சில மாதம் தள்ளியும் வரும். அதை நம்பி வாடகைக்கு வீடு பார்த்துவிடக் கூடாது என்பதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

கேட் இல்லாமல் சேரும் வழி அடுத்தது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதி அதன் வளாகக் கல்லூரிகளில் இடம் பிடிக்கலாம். உதவித்தொகை கிடைக்காது. ஆனால் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, கிண்டிக்கு ஒரே ரயிலில் போய்விடலாம். விடுதிச் செலவு மிச்சம், அம்மா கையால் சாப்பாடு. அந்த வளாகக் கல்லூரிகளில் ஒன்றான கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அந்தப் பெயருக்கு வேலை கொடுப்பவர்களிடம் இன்றும் மதிப்பு இருக்கிறது. கேட் மதிப்பெண்ணுடன் அங்கே சேர்ந்தால் உதவித்தொகை, வீட்டுச் சாப்பாடு இரண்டும் சேர்ந்து கிடைக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. கேட்டும் இல்லாமல், நல்ல கல்லூரியும் இல்லாமல், பி.இ. முடித்து வேலை கிடைக்காத ஒரே காரணத்துக்காக ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் எம்.இ. சேர்வது. நான் அதைத்தான் செய்தேன். ஆய்வகத்தில் இருந்த கருவிகள் நான் பி.இ.யில் பார்த்தவையே. படிப்பு முடிந்ததும் வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. ஏழாவது ஊதியக் குழுவின்படி அந்தப் பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். என் கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு இடத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்த நாளில் அவற்றைக் கேட்டு அலுவலக வாசலில் மதியம் வரை நின்றேன், கொடுக்கவில்லை. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்த எம்.இ. கட்டாயம் என்பது உண்மை. அதற்கு மேல் போக முனைவர் பட்டம் வேண்டும் என்பதும் உண்மை. கற்பிப்பதில் உயிராக இருப்பவர்கள் தாராளமாக வரட்டும். வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

கேட் தேர்வு எழுதினால் எம்.டெக். மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அதே மதிப்பெண்ணை வைத்துப் பொதுத்துறை நிறுவனங்கள் நேரடியாக ஆள் எடுக்கின்றன. பி.இ. போதும். எந்த நிறுவனம், எந்தப் பிரிவு என்பது ஆண்டுக்காண்டு மாறும். என்.டி.பி.சி. பல ஆண்டுகளாக இப்படித்தான் மின்னியல், இயந்திரவியல் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. நம் வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தை நடத்துவதும் அந்த நிறுவனமும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம்தான். சேர்க்கைக்குக் கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஆனால் பொதுத்துறை வேலைக்குப் பெரும்பாலும் அந்த ஆண்டு மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள். வயது வரம்பும் உண்டு. ஆகவே வேலைதான் முதல் விருப்பம் என்றால் கல்லூரியில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். வேதிப் பொறியியல் தாளில் பொதுத்திறன் 15, கணிதம் 13. இந்த 28 மதிப்பெண்ணைப் பலர் கடைசி மாதத்துக்கு ஒதுக்கி வைத்து ஏமாறுகிறார்கள். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும். என் லேப்டாப்பில் அவளை ஒரு மடக்கைக் கணக்கு போடச் சொன்னேன். விரல்கள் பழக்கத்தில் மேசையைத் தட்டின, அம்புக்குறி அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தது. விடை வர நான்கு நிமிடம் ஆனது. கேள்வித்தாளில் ஒரு கேள்விக்குச் சராசரியாக மூன்று நிமிடம்கூடக் கிடையாது.

நல்ல மதிப்பெண் வந்த பிறகும் தடுக்கி விழ இடம் இருக்கிறது. என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு. ஐ.ஐ.டி.களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, அவை தரும் இடத்தை ஏற்பதற்கான கோஆப் (COAP) என்ற பொது இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு தம்பி கோஆப்பில் பதிவு செய்ததோடு நிறுத்திவிட்டான். எந்த ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கவில்லை. ஒரு வருடம் போனது.

பிரிவைப் பொறுத்தும் பதில் மாறும். கட்டுமான வடிவமைப்பு, சிப் வடிவமைப்பு போன்ற துறைகளில் எம்.இ. இல்லாமல் நல்ல வேலைக்கு உள்ளே நுழைவதே கடினம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனத்தில் சாதாரணப் பணிக்குப் போவதானால் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு அநேகமாக எதையும் கூட்டித் தராது. வேதிப் பொறியியல் நடுவில் நிற்கிறது. ஆலை இயக்கத்துக்கு பி.இ.யும் அனுபவமும் போதும். செயல்முறை வடிவமைப்பு, ஆராய்ச்சி என்றால் எம்.டெக். வேண்டும்.

வேலையில் இருந்துகொண்டே மாலையில் படிக்கும் வழியும் இருக்கிறது. அதைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு அது உடலை வருத்தும். நிறுவனமே அனுப்பி வைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

அவள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எரிசுடர் தெரியும். "அங்கே உள்ளே வேலை செய்ய வேண்டுமா, அதுபோன்ற ஆலையை வடிவமைக்க வேண்டுமா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, 'வருமானம் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு '1,82,400 + விடுதி' என்று எழுதினாள். நோட்டை என்னிடமே வைத்துவிட்டு, அப்பா துறைமுகத்திலிருந்து திரும்பியதும் அவரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.