கஞ்சா கார்டா, துப்பாக்கியா? அமெரிக்க நோயாளி முன் இருக்கும் வழிகள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் விடுமுறை விடுவார்கள். தாத்தாவின் ரைஃபிள் அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் கைமாறி வரும் ஊர்கள் அவை. அப்படி ஓர் ஊரில், அறுபது வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதுகுவலி அவரைப் படுக்க விடுவதில்லை. மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவர், மருத்துவக் கஞ்சாவை முயன்று பார்க்கலாம் என்கிறார். மாநிலமே 2016இல் சட்டம் போட்டு அனுமதித்த மருந்து அது. ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல் பெயரைப் பதிவு செய்கிறார், கார்டு வாங்குகிறார், உரிமம் பெற்ற கடையில் மருந்து வாங்கிப் பயன்படுத்துகிறார். மாநிலத்தின் கண்ணில் அவர் நோயாளி. அலமாரியில் இருக்கும் நாலு துப்பாக்கிகளால், மத்திய சட்டத்தின் கண்ணில் அவர் சிறைக்குப் போகக்கூடிய ஆள்.

அவர் முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 1970இல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் அட்டவணையில் போட்டது. மாநிலங்கள் பின்னால் எத்தனை அனுமதி கொடுத்தாலும், ‘சட்டவிரோதம்’ என்ற சொல்லுக்கு மத்திய சட்டம் சொல்வதுதான் பொருள் என்று அரசு தொடர்ந்து வாதிட்டு வந்திருக்கிறது. தண்டனை 10 ஆண்டு வரை என்று இருந்தது. 2022 ஜூனில் வந்த சட்டம் அதை 15 ஆண்டாக உயர்த்தியது.

இதே மனிதர் மருத்துவர் சீட்டோடு ஆக்சிகோடோன் சாப்பிட்டால் எந்தத் தடையும் இல்லை. அடிமையாக்கும் ஆபத்து மிகுந்த ஓபியாய்டு மருந்து அது. ஆனால் சீட்டு இருப்பதால் சட்டபூர்வமான பயன்பாடு. ஆக, போதையின் அளவை இந்தச் சட்டம் எடை போடவில்லை, எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைத்தான் பார்க்கிறது. எனக்கு இதில் உள்ள கோபம் இதுதான். வலி தாங்க முடியாமல் ஓபியாய்டை விட்டுவிட நினைக்கும் ஒருவரை, துப்பாக்கியைக் காட்டி அந்த ஓபியாய்டுக்கே திருப்பி அனுப்புகிறது சட்டம்.

கார்டு இருந்தால், இல்லாவிட்டால்

பலருக்கும் குழப்பம் இங்கேதான். கார்டு வாங்கியதும் துப்பாக்கி உரிமை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். கார்டு இல்லாமல் வாங்கினால் பிரச்சினை இல்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை. வைத்திருக்கக் கூடாது என்ற தடை கஞ்சாவைப் பயன்படுத்துவதால் வருகிறது. கார்டு அந்தப் பயன்பாட்டுக்கு ஒரு சாட்சி. வாங்கும்போது மட்டும் கதை வேறு.

துப்பாக்கிக் கடையில் நிரப்ப வேண்டிய படிவம் 4473இல், போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்று நேராகவே ஒரு கேள்வி உண்டு. 2016இல் திருத்தப்பட்ட படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழேயே ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தது: மாநிலத்தில் மருத்துவத்துக்கோ பொழுதுபோக்குக்கோ அனுமதி இருந்தாலும் மத்திய சட்டப்படி கஞ்சா சட்டவிரோதமே. ‘ஆம்’ என்று எழுதினால் விற்பனை அங்கேயே நிற்கும். ‘இல்லை’ என்று பொய் எழுதினால் அது தனிக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை.

கடைக்காரருக்கும் கட்டு உண்டு. துப்பாக்கி வணிகத்தைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு 2011 செப்டம்பர் 21 அன்று எல்லா உரிமக் கடைகளுக்கும் ஒரு திறந்த மடல் அனுப்பியது. வாடிக்கையாளரிடம் கஞ்சா கார்டு இருப்பது தெரிந்தால், அவர் பயன்படுத்துபவர் என்று நம்பப் போதிய காரணம் இருப்பதாகக் கொண்டு விற்க மறுக்க வேண்டும் என்றது அந்த மடல்.

நெவாடாவில் ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் அந்த ஆண்டே விற்பனை மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு வில்சன் எதிர் லிஞ்ச் என்ற பெயரில் 2016 ஆகஸ்டில் ஒன்பதாவது சர்க்யூட் (சில மாநிலங்களுக்குப் பொதுவான மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. கார்டு என்னிடம் இருக்கிறது, ஆனால் நான் கஞ்சா பயன்படுத்துவதில்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: கார்டு வாங்குவதற்கு முன்பே அவர் துப்பாக்கிகளை வாங்கி வைத்திருக்கலாம், அவற்றைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதை அந்த விற்பனைத் தடை பாதிக்காது. கவனியுங்கள், இது கார்டு மட்டும் வைத்திருந்து கஞ்சாவைத் தொடாதவருக்குச் சொன்ன பதில். நம் முதுகுவலிக்காரர் மருந்தைப் பயன்படுத்துகிறார். இந்த வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, பழைய துப்பாக்கிக்கு ஆபத்தில்லை என்று யாராவது அவருக்குச் சொன்னால் அது தவறான ஆறுதல்.

சரி, பதிவே செய்யாமல், இருபத்தோரு வயதானவர்களுக்கு விற்கும் பொழுதுபோக்குக் கடையில் வாங்கினால்? பெயர்ப் பட்டியலில் இருக்க மாட்டார். கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பது அதே குற்றம், படிவத்தில் சொல்வது அதே பொய். கூடவே சில இழப்புகளும் உண்டு: பல மாநிலங்களில் மருத்துவ நோயாளிக்குக் கிடைக்கும் வரிச் சலுகை போகும், வாங்கக்கூடிய அளவு குறையும், மருத்துவரின் மேற்பார்வை இருக்காது. கலிஃபோர்னியாவில் மருத்துவரின் பரிந்துரை போதும், மாநில அடையாள அட்டை விருப்பத்தைப் பொறுத்தது. அங்கே நோயாளியாகவும் இருக்கலாம், பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். தடம் குறையும், தடை குறையாது. பதிவு செய்தவரும் செய்யாதவரும் செய்வது ஒரே செயல்தான். உண்மையைச் சொல்லி வரிசையில் நின்றவருக்குத்தான் தடம் பதிகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம்

மத்திய சட்டம் ஒன்றுதான். ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது நம்மைத் தொடும் விதம் மாறுகிறது.

ஹவாயில்தான் மிகக் கடுமையாகத் தொட்டது. அங்கே எல்லாத் துப்பாக்கிகளையும் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். கஞ்சா நோயாளிகளுக்கும் தனிப் பட்டியல் உண்டு. இரண்டு பட்டியலும் அரசின் கையில். 2017இல் ஹொனலுலு காவல்துறை சுமார் 30 நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்பியது: உங்கள் மருத்துவக் கஞ்சாப் பயன்பாடு உங்களைத் தகுதியிழக்கச் செய்கிறது, 30 நாளுக்குள் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஏற்கெனவே வைத்திருப்பவற்றைக் கேட்பதிலிருந்து பின்வாங்கினார்கள். புதிய அனுமதியைக் கார்டு உள்ளவர்களுக்கு மறுப்பது நிற்கவில்லை. பதிவு என்ற சொல்லுக்கு நோயாளிகள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடிதங்களே பதில்.

பென்சில்வேனியாவில் வேறு விதம். நோயாளிகளின் பெயர்களைக் காவல்துறை பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் சேர்க்கும் திட்டம் முதலில் இருந்தது. 2018 ஜனவரியில் மாநில சுகாதாரத் துறை அதைக் கைவிட்டது. அதனால் துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனையில் கார்டு தானாகத் தெரியவராது. மற்றபடி மத்திய சட்டத்தை மாநிலக் காவல்துறை மறைக்கவில்லை. முன்பே வைத்திருந்த துப்பாக்கிகளை என்ன செய்வது என்று வழக்கறிஞரைக் கேளுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன அறிவுரை. அங்கே ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞரே, தானே கார்டு வைத்திருப்பவர், 2024இல் இந்தத் தடையை எதிர்த்து வழக்குப் போட்டார். குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுவதே தொழிலாகக் கொண்டவருக்கும் இந்த நிலைதான் என்றால் சாதாரணக் குடும்பஸ்தரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இலினாயில் துப்பாக்கி வைத்திருக்கவே மாநில அடையாள அட்டை வேண்டும். 2014 தொடக்கத்தில் வந்த வரைவு விதி, கஞ்சா நோயாளி அந்த அட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்புக்குப் பின் அந்த வரி நீங்கியது. 2020 ஜனவரியில் பொழுதுபோக்குக் கஞ்சாவும் சட்டபூர்வமானபோது, மாநிலச் சட்டப்படி பயன்படுத்துவதை மட்டும் காரணமாகக் காட்டி அட்டையை ரத்து செய்ய மாட்டோம் என்று மாநிலக் காவல்துறை அறிவித்தது.

ஒரெகான் இன்னும் ஒரு படி மேலே. மருத்துவக் கஞ்சா பயன்படுத்துகிறார் என்பதற்காக துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை ஷெரிஃப்கள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) மறுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த உரிமம் மாநிலக் காவலரிடமிருந்து காப்பாற்றும், மத்திய அதிகாரியிடமிருந்து காப்பாற்றாது. மிச்சிகனில் இது தலைகீழாகவும் திரும்பியது. மாநிலத்தின் கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டினால் பின்னணிச் சோதனை இல்லாமல் வாங்கலாம் என்று இருந்த வசதியை 2020 மார்ச்சில் ஏ.டி.எஃப். நிறுத்தியது. கஞ்சாப் பயனாளிகளுக்கும் மாநிலம் உரிமம் கொடுக்கிறது என்பதே காரணம்.

என்னைக் கேட்டால், இலினாயும் ஒரெகானும் நோயாளியை மதித்த மாநிலங்கள். ஆனாலும் அங்கே வாழ்பவர் கவலையில்லாமல் தூங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீதிமன்றங்கள் பக்கம் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. துப்பாக்கித் தடைகளுக்கு நாட்டின் பழைய சட்ட மரபில் முன்மாதிரி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. அதை வைத்து டெக்சாஸ், லூயிசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான ஐந்தாவது சர்க்யூட் 2024 ஆகஸ்டில், எப்போதோ பயன்படுத்தினார் என்பதற்காக, போதையில் இல்லாத நேரத்திலும் ஒருவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்க முடியாது என்றது. ஃப்ளோரிடா நோயாளிகள் தோற்றுப்போன வழக்குக்கு 2025 ஆகஸ்டில் பதினோராவது சர்க்யூட் மீண்டும் உயிர் கொடுத்தது. டெக்சாஸிலிருந்து வந்த இன்னொரு வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே விசாரணைக்கு ஏற்றது. ஆனால் ஒருவருக்குச் சாதகமாக வரும் தீர்ப்பு அவருடைய வழக்கின் விவரங்களுக்குள் நிற்கும். நெவாடாவில் இருப்பவர் டெக்சாஸ் தீர்ப்பை நம்பித் துப்பாக்கி வாங்கக் கூடாது.

மருந்தை மாற்றினால்?

அதிகம் பேசப்படாத வழி இது. கஞ்சாவின் முக்கியப் போதைக்கூறான டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்து மாத்திரையாக்கிய டிரோனாபினால், மாரினால் என்ற பெயரில் 1985இலேயே அங்கீகாரம் பெற்றது. மருத்துவர் சீட்டோடு அதைச் சாப்பிடுபவர் படிவத்தில் மனச்சாட்சியோடு ‘இல்லை’ என்று எழுதலாம். கடுமையான வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியிலிருந்தே எடுத்த எபிடியோலெக்ஸ் 2018இல் வந்தது. குறை என்னவென்றால், டிரோனாபினாலின் அங்கீகாரம் கீமோ சிகிச்சையின் குமட்டலுக்கும் எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும்தான். முதுகுவலிக்குக் கேட்டால் மருத்துவர் தயங்கலாம், காப்பீடு பணம் தராமல் போகலாம். செடியில் கிடைத்த நிவாரணம் மாத்திரையில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் ஹெம்ப் எனப்படும் போதை குறைந்த கஞ்சாச் செடி வகைப் பொருள்களை 2018 வேளாண் சட்டம் தடையிலிருந்து விலக்கியது. ஆனால் 2025 நவம்பரில் அந்த வரையறையை நாடாளுமன்றம் வெகுவாக இறுக்கி, ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கடையில் இருக்கிறது என்பதற்காக எந்தப் புட்டியையும் நம்பாதீர்கள்.

கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வந்தது, 2025 டிசம்பரில் அதிபர் அதை விரைவுபடுத்தச் சொன்னார். மூன்றாம் அட்டவணை மருந்துக்கும் முறையான சீட்டு வேண்டும். மாநிலக் கார்டு அப்படிப்பட்ட சீட்டு ஆகுமா என்பதுதான் கேள்வி, அட்டவணை எண்ணில் பதில் இல்லை.

துப்பாக்கியை மாற்றினால்?

வேட்டைதான் முக்கியம் என்பவருக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. குழாயின் வாய் வழியாகக் கருமருந்து இட்டு நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை 1968 சட்டம் ‘பழம்பொருள்’ என்று வகைப்படுத்தி, துப்பாக்கி என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தொடங்கும், பிளின்ட்லாக் என்ற சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் பழைய துப்பாக்கிக்கான வேட்டைப் பருவமே இருக்கிறது. வில்லும் அம்பும் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாநில விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், நவீனத் துப்பாக்கியை மாற்றிச் செய்த மாடல்களுக்கு இந்த விலக்கு இல்லை. ஆனாலும் பேரனோடு காட்டுக்குப் போக விரும்பும் அந்த முதியவருக்கு, மருந்தையும் விடாமல் வேட்டையையும் விடாமல் இருக்க நான் கண்ட வழிகளில் இதுதான் நேர்மையானது.

வீட்டைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு இது போதாது. மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உரிமை யார் பெயரில் என்பதை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை, யார் கைக்கு எட்டும் என்பதையும் பார்க்கிறது. பெட்டகத்தின் சாவியோ பூட்டு எண்ணோ நோயாளியிடம் இருந்தால் அவர் வைத்திருப்பதாகவே கொள்ள இடமுண்டு. மனைவி தனக்கென்று வாங்கித் தன் பூட்டுக்குள் வைப்பது வேறு. கணவருக்காகத் தன் பெயரில் வாங்குவது வேறு. பின்னதற்கு 2022 முதல் தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது, 15 ஆண்டு வரை தண்டனை. வேறு வீட்டில் வாழும் மகனிடமோ சகோதரியிடமோ முறைப்படி ஒப்படைப்பது, அல்லது உரிமக் கடை மூலம் விற்றுவிடுவது பாதுகாப்பானது. அதையும் முதல் மருந்து வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தால் உரிமை உடனே திரும்பும் என்றும் எண்ண வேண்டாம். படிவம் கேட்பது பயன்பாட்டை. அண்மைப் பயன்பாட்டை அளக்க ஏ.டி.எஃப். விதி நெடுங்காலம் ஓராண்டுக் கணக்கையே வைத்திருந்தது: கடந்த ஓராண்டுக்குள் போதைப்பொருள் தண்டனையோ சோதனையில் பாசிட்டிவோ இருந்தால், இப்போதும் பயன்படுத்துபவர் என்று ஊகிக்கலாம். எனவே கார்டை விட்டவர், கடைசியாக மருந்து எடுத்த தேதியையும் கார்டு ரத்தான கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, துப்பாக்கிச் சட்டம் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கடைக்குப் போகட்டும்.