தூய டைட்டேனியமா, கிரேட் 5-ஆ?

பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத் பட்டறைகளுக்கு டைட்டேனியம் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் முதல் கேள்வி இதுதான்: தூய டைட்டேனியமான கிரேட் 2 எடுப்பதா, கலப்புலோகமான கிரேட் 5 எடுப்பதா?

வலிமை என்றால் பேச்சே இல்லை, கிரேட் 5தான். கிரேட் 2-இன் இழுவிசை வலிமைக்கு, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் அளவுக்கு, குறைந்தபட்சம் 345 மெகாபாஸ்கல். மற்றதற்கு ஏறத்தாழ 895. அதில் கலந்திருக்கும் 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும்தான் காரணம். அலுமினியம் ஆல்பா படிகத்துக்குள் (அறை வெப்பநிலையில் டைட்டேனியத்தின் இயல்பான அணு அடுக்கு) புகுந்து அதை உறுதியாக்குகிறது, எடையையும் சற்றுக் குறைக்கிறது. வனேடியம், தூய டைட்டேனியத்தில் அதிக சூட்டில் மட்டும் இருக்கும் பீட்டா கட்டம் என்ற இன்னொரு அணு அடுக்கை அறை வெப்பநிலையிலும் தங்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் வெப்பப் பதனிட்டு வலிமையை இன்னும் கூட்ட முடிகிறது. தூய உலோகத்தில் அந்த வழி கிடையாது.

தேய்மானத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரேட் 5 கடினமானது, ஆகவே தேயாது என்று நினைத்து உராயும் புஷ்ஷுக்கு அதை அப்படியே போட வேண்டாம். அழுத்தி உரசும்போது மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் உடைந்து, உலோகம் எதிர்ப் பரப்பில் ஒட்டிப் பிய்ந்து வரும். இந்தக் குணம் இரண்டுக்கும் உண்டு. நைட்ரைடிங் (சூட்டில் மேற்பரப்புக்குள் நைட்ரஜன் ஏற்றுவது) செய்தாலோ டைட்டேனியம் நைட்ரைடு பூசினாலோதான் நிம்மதி.

வளைக்க, வெல்ட் பண்ண கிரேட் 2 சுலபம். காலிமுகக் கடற்காற்றை இரண்டுமே தாங்கும். பாரம் சுமக்காத குழாய், தொட்டி வேலைக்கு நான் கிரேட் 2-ஐத்தான் சொல்வேன். போல்ட், கனெக்டிங் ராட் என்றால் தயங்காமல் கிரேட் 5.