சுருதி போட்டா படபடக்கிற லேப்டாப்: நாலு வருஷத்துக்கு மேல வச்சிருக்கவளோட அனுபவம்

சித்தி பையன் போன வாரம் ஒரு லிங்க் அனுப்பி "அக்கா, இது நீ வச்சிருக்க அதே மாடல்தானே, ரிஃபர்பிஷ்ட்ல 28,000க்கு வருது, வாங்கலாமா"ன்னு கேட்டான். நான் 2021 கடைசியில 62,000 குடுத்து வாங்கினது. ரெண்டு வரியில பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கம்பெனி பேர் போடல. சத்தம் நடு நடுவுல "பட் பட்"னு அறுபடுற இந்தக் கோளாறு வேற வேற பிராண்ட் லேப்டாப்லயும் வருது, அதனால யார்கிட்ட எந்த மெஷின் இருந்தாலும் படிக்கலாம்.

கீபோர்டு அருமை. ஹிஞ்ச் இன்னைக்கும் லூசாகல. பேட்டரி புதுசுல எட்டு மணி நேரம் வந்துச்சு, இப்ப அஞ்சு வருது, அதெல்லாம் நியாயம்தான். ஸ்கிரீன் பகல் வெளிச்சத்துல கொஞ்சம் மங்கல். மத்த ஸ்பெக் எல்லாம் எல்லா சைட்லயும் கிடக்கு, பாத்துக்கோங்க.

எனக்குப் பிரச்சனை சத்தம். அதுவும் சாதாரண சத்தம் இல்ல, தம்பூரா.

நான் பாட்டு கத்துக்கிறேன், ஆபீஸ் முடிஞ்சு வந்து சாயங்காலம் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி. அஞ்சு கட்டை சுருதியில தம்பூரா ரெக்கார்டிங்கை லேப்டாப்ல ஓடவிட்டுட்டு "ஆ"ன்னு அகாரம் பாடுவேன். இதுல ஒரு விஷயம் என்னன்னா சினிமாப் பாட்டு ஓடும்போது நடுவுல ஒரு சின்ன "பட்" வந்தா ட்ரம்ஸ்ல கலந்து போயிரும், படம் பாக்கும்போது வந்தா கவனிக்கவே மாட்டோம், ஆனா தம்பூரா விடாம ஒரே சீரா ஓடுற ஒலி, அதுல ஒரு நூலிழை அறுந்தாக்கூட காதுல குத்தும். பஞ்சமத்துல கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறது) நின்னுட்டு இருக்கும்போது "பட்... படபட"ன்னு வந்தா சுருதி கையை விட்டுப் போயிடுது, மறுபடி சேர்ந்து நிக்க நேரம் பிடிக்குது. இதை நான் பெருசு பண்றேன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை பாடிப் பாருங்க.

வாரன்டி இருந்தப்பவே திருச்சி சர்வீஸ் சென்டர்ல குடுத்தேன். "ஸ்பீக்கர் போயிருக்கு மேடம்"னு சொல்லி ஸ்பீக்கர் மாத்தினாங்க. வீட்டுக்கு வந்து போட்டா அதே படபட. வாரன்டி முடிஞ்சப்புறம் போனா "மதர்போர்டு மாத்தணும்"ங்கிறாங்க, அவங்க சொன்ன ரேட்டு இப்ப இந்த லேப்டாப் செகண்ட்ஸ்ல விக்கிற விலைக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. அந்த சர்வீஸ் சென்டர் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல, அவனுக்குக் குடுத்திருக்கிற செக்லிஸ்ட்ல பார்ட் மாத்துறது மட்டும்தான் இருக்கு. ஆனா யாராவது ஒருத்தர் ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேட்டிருந்தா அந்த ஸ்பீக்கரைக் கழட்டியிருக்கவே வேண்டாம்.

ஏன்னா முதல்ல பாக்க வேண்டியதே அதுதான். படபட எந்த இடத்துல வருதுன்னு பாருங்க. ஒரே பாட்டுல ஒரே நொடியில ஒவ்வொரு தடவையும் வந்தா ஃபைல்லதான் கோளாறு. இடம் மாறி மாறி வந்தா மெஷின். அப்புறம் ஹெட்ஃபோன் சொருகிக் கேளுங்க, அதுல சுத்தமா இருந்தா ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கலாம், இல்ல தூசி போயிருக்கலாம், வால்யூம் ஏத்தினா மட்டும் கரகரங்கும். எனக்கு ஹெட்ஃபோன்லயும் வந்துச்சு, புளூடூத்லயும் வந்துச்சு. ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிச் சொருகிப் பாத்தேன், அதுலயும் அதே. யூஎஸ்பி சவுண்ட் கார்டு லேப்டாப்போட ஆடியோ சிப்பைத் தொடவே தொடாது, அதுலயும் வருதுன்னா கோளாறு ஆடியோ சிப்ல இல்ல, ஸ்பீக்கர்ல சுத்தமா இல்ல, அதுக்கும் அடியில எங்கயோ இருக்கு.

ஆன்லைன் கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு இன்னொன்னு. நெட் வீக்கா இருந்து வர்ற அறுப்பு வேற, இது வேற. நெட் பிரச்சனைன்னா வார்த்தையே முழுங்கிப் போகும், குரல் தகர டப்பா மாதிரி ஆகும். இதுல வார்த்தை முழுசா இருக்கும், மேல "பட் பட்"னு மட்டும் விழும். அப்புறம் வீடியோ கால்ல தம்பூரா போட்டா அது அந்தப் பக்கம் மங்கி மங்கிப் போறது கோளாறே இல்ல, சீரா வர்ற ஒலியை ஃபேன் சத்தம்னு நினைச்சு, பின்னணி இரைச்சலை வடிகட்டுற நாய்ஸ் சப்ரெஷன் அழிச்சிடுது. ஜூம்ல "ஒரிஜினல் சவுண்ட்"னு ஒரு செட்டிங் இருக்கு, பாட்டு கிளாஸ்னா அதை ஆன் பண்ணிடுங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். நெட்ல எல்லாரும் சொல்றதை எல்லாம் செஞ்சு பாத்தேன். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஆஃப் பண்ணேன், ஃபார்மட்டை 24 பிட் 48000 ஹெர்ட்ஸ்ல வச்சேன், எக்ஸ்க்ளூசிவ் மோடை எடுத்துவிட்டேன், கம்பெனி ஆடியோ டிரைவரை (ஒரு பார்ட்டை விண்டோஸ் ஓட்டுறதுக்கான சாஃப்ட்வேர்) தூக்கிட்டு விண்டோஸோட பொதுவான "ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்" டிரைவரைப் போட்டேன். கடைசியா சொன்னதுல மட்டும் ஒரு நல்லது நடந்துச்சு, பாட்டு ஆரம்பிக்கும்போது "டப்"னு ஒன்னு வருமே, அது நின்னுச்சு. அது ஆடியோ சிப் பவர் மிச்சம் பிடிக்கத் தூங்கி எந்திரிக்கிற சத்தம், லினக்ஸ் வச்சிருக்கவங்க பவர் சேவ் வேல்யூவை 0 ஆக்கினா போயிரும். ஆனா நடுவுல வர்ற படபட அசையவே இல்ல.

வழி காட்டினது லேட்டன்சிமான்னு ஒரு சாஃப்ட்வேர். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ஓடவிட்டுட்டுப் பாட்டைப் போட்டு ஒரு பத்து நிமிஷம் காத்திருந்தா எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசசரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு மைக்ரோ செகண்ட்ல (நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு) காட்டும். இங்க கொஞ்சம் விளக்கணும். விண்டோஸ்ல ஆடியோ வழக்கமா 10 மில்லி செகண்ட் துண்டு துண்டாப் போகுது, 48000 ஹெர்ட்ஸ்னா ஒரு துண்டுல 480 சாம்பிள், அதாவது ஒலியோட 480 அளவுப் புள்ளி. அடுத்த துண்டு நேரத்துக்கு ரெடி ஆகலைன்னா அங்க ஒரு ஓட்டை, அந்த ஓட்டைதான் நம்ம காதுல "பட்". ரெடி ஆகாம எது தடுக்குதுன்னா, டிரைவருங்க அவசர வேலைன்னு சொல்லி மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு பிராசசரை எடுத்துக்கும், அதுக்கு டிபிசின்னு பேர். ஒரு டிபிசி 100 மைக்ரோ செகண்டுக்கு மேல பிடிச்சு வைக்கக் கூடாதுங்கிறது மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுறவங்களுக்குச் சொல்லியிருக்கிற அளவு. பந்தியில சாம்பார் ஊத்திட்டு வர்றவரு ஒரு இலைகிட்ட நின்னு கதை பேச ஆரம்பிச்சா அடுத்த இலைக்காரரு வெறும் சோத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், சமையல்ல குத்தமே இல்ல. பிராசசர் எவ்வளவு வேகம்னாலும் இதுக்குப் பிரயோஜனம் இல்லாததும் அதனாலதான், டாஸ்க் மேனேஜர்ல சிபியூ 4 சதவீதம்னு காட்டும்போதே எனக்குப் படபடக்கும்.

என் மெஷின்ல சிவப்பா வந்த பேரு ரெண்டு. ஒன்னு நெட்வொர்க் சம்பந்தப்பட்ட என்டிஐஎஸ் டாட் சிஸ், வைஃபை டிரைவரை அப்டேட் பண்ணதும் அது அடங்கிருச்சு, அதோட முடிஞ்சுது. இன்னொன்னு ஏசிபிஐ டாட் சிஸ். இதுல பத்தாயிரம் மைக்ரோ செகண்டைத் தாண்டிக் காட்டும், அதாவது ஒரு முழுத் துண்டு ஆடியோ போகிற நேரம் மொத்தமும் காலி. ஏசிபிஐ-ங்கிறது பேட்டரி, சார்ஜர், சூடு, மூடியைத் திறக்கிறது மாதிரி விஷயத்துக்கெல்லாம் விண்டோஸும் லேப்டாப்போட பயாஸும் (மதர்போர்டுலயே இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) பேசிக்கிற வழி. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு விண்டோஸ் கேக்கும்போது பயாஸ்ல கம்பெனிக்காரங்க எழுதி வச்சிருக்கிற புரோகிராம் கோடுதான் ஓடும். அந்தக் கோடு மந்தமா எழுதியிருந்தா ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் சத்தம் அறுந்து போகும். சீரான இடைவெளியில வருதேன்னு எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு, இங்கதான் அது பிடிபட்டுச்சு.

டிவைஸ் மேனேஜர்ல பேட்டரீஸ்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குள்ள "மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி"ன்னு நீளமா ஒரு பேரு. அதை டிசேபிள் பண்ணேன். அவ்வளவுதான். படபட நின்னுச்சு. கால் மணி நேரம் தம்பூரா ஒரு இழை அறுபடாம ஓடுச்சு, நான் பாடக்கூட இல்ல, சும்மா கேட்டுட்டே இருந்தேன்.

இதுக்கு விலை என்னன்னா பேட்டரி ஐகானே போயிரும். எத்தனை சதவீதம்னு தெரியாது, "சார்ஜ் கம்மி"ன்னு எச்சரிக்கையும் வராது, சார்ஜர் இல்லாம ஓட்டினா சொல்லாம கொள்ளாம அணைஞ்சு போகும். சார்ஜ் ஏறுறது நிக்காது, அதை ஹார்டுவேரே பாத்துக்கும். அதனால சாதகம் பண்ணும்போது சார்ஜரைச் சொருகிட்டு, அதை டிசேபிள் பண்ணிட்டு, முடிஞ்சதும் எனேபிள் பண்றேன். தினமும். ஒரு லேப்டாப்ல பாட்டு கேக்கணும்னா பேட்டரியை விண்டோஸ் கண்ணுல படாம மறைச்சு வைக்கணும், 62,000 ரூபா குடுத்த மெஷின்ல.

சரி விண்டோஸைத்தான் குத்தம் சொல்லணுமோன்னு உபுன்டுவை பென்டிரைவ்ல போட்டு அதுலருந்து பூட் பண்ணிக் கேட்டேன். பேட்டரி நிலவரத்தை அது படிக்கிற நேரத்துல அங்கயும் ஒரு "பட்" விழுந்துச்சு. அப்ப கோளாறு ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் அடியில, பயாஸ்ல. மதர்போர்டு மாத்தியிருந்தாலும் அதே பயாஸ்தானே வந்திருக்கும். அந்தக் காசைக் குடுக்காம விட்டது எவ்வளவு நல்லதுன்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

இதைவிட வயித்தெரிச்சல் ஒன்னு இருக்கு. நடுவுல ஒரு பயாஸ் அப்டேட் வந்துச்சு, "சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டுள்ளது"ன்னு ஒரே வரி விளக்கம். அதைப் போட்டதும் எல்லாம் சரியாச்சு, பேட்டரி ஐகானும் இருக்கு, படபடயும் இல்ல. பல மாசம் அப்படித்தான் ஓடுச்சு. அடுத்த அப்டேட்ல திரும்ப வந்துருச்சு. பழைய பயாஸுக்குத் திரும்பலாம்னா பாதுகாப்புக் காரணம்னு கீழே இறங்க விடாம பூட்டி வச்சிருக்காங்க. பாதுகாப்பு வேணும்தான், நான் மறுக்கல. ஆனா சரி பண்ணத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை மறுபடி கெடுத்துட்டு, கதவையும் சாத்திட்டு, மெயில் போட்டா "ஆடியோ டிரைவரை ரீஇன்ஸ்டால் செய்யவும்"னு பதில் அனுப்புறது ரொம்பத் தப்பு.

நியாயமா சொல்லணும்னா, படபட இல்லாத நேரத்துல இந்த லேப்டாப்போட ஸ்பீக்கர் மாதிரி இந்த விலையில நான் வேற கேக்கல. மந்தரம் (கீழ் ஸ்தாயி) கூட காத்து மாதிரி இல்லாம உடம்போட வருது, மேல் ஷட்ஜம் கூசாது. எனக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கிற டீச்சர் வீட்டுக்கு வந்தப்ப "தனியா ஸ்பீக்கர் வச்சிருக்கியா"ன்னு கேட்டாங்க. நான் இதை விக்கப் போறதும் இல்ல. அப்படி இருந்தும், டேய் தம்பி, வாங்காத. 28,000க்கும் வேண்டாம், 25,000க்குக் குடுத்தாலும் வேண்டாம். நீ எடிட்டிங் பண்றவன், வாய்ஸ் ரெக்கார்ட் பண்றவன், உனக்கு இது தினசரி தலைவலி. வெறும் டைப்பிங்குக்குன்னு யாராவது கேட்டா கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு சொல்லுவேன்.

மத்தவங்களுக்கு ஏசிபிஐதான் காரணமா இருக்கணும்னு இல்ல. புளூடூத்ல மட்டும் அறுந்தா பக்கத்துல யூஎஸ்பி 3 ஹார்டுடிஸ்க் சொருகியிருக்கான்னு பாருங்க, அது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும்னு 2012லயே இன்டெல் எழுதியிருக்கு, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினாலும் புளூடூத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மைக் ஆன் ஆனதும் புளூடூத் சத்தம் பழைய ஃபோன் மாதிரி ஆச்சுன்னா அது ஃபோன் பேசுற மோடுக்குப் போயிருக்கு, லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தா சரியாயிரும். கேம் ஆடுற லேப்டாப்னா கிராஃபிக்ஸ் டிரைவர் பேரும் சிவப்புல வரும். எதா இருந்தாலும் லேட்டன்சிமான்ல பேரைப் பாக்காம காசு செலவு பண்ணாதீங்க.

செகண்ட்ஸ்ல எந்த லேப்டாப் வாங்கினாலும் கடையிலயே சார்ஜரைக் கழட்டிட்டு, வைஃபை ஆன்ல வச்சு, யூடியூப்ல ஏதாவது ஒரு தம்பூரா இல்ல சுருதிப் பெட்டி வீடியோவை ஹெட்ஃபோன்ல பத்து நிமிஷம் கேளுங்க, பாட்டு போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, பாட்டுல ஒளிஞ்சுக்கும். அப்புறம் இப்ப சத்தம் சுத்தமா இருக்கிற லேப்டாப் வச்சிருக்கவங்க பயாஸ் அப்டேட் வந்தா உடனே போடாதீங்க, என்னென்ன மாறியிருக்குன்னும், போட்டவங்க என்ன சொல்றாங்கன்னும், திரும்பிப் போக வழி இருக்கான்னும் பாத்துட்டுப் போடுங்க. விண்டோஸ் அப்டேட் வழியாவும் பயாஸ் தானா வந்து இறங்கும், சில மெஷின்ல அதை நிறுத்த பயாஸ் செட்டிங்குக்குள்ளயே ஒரு ஆப்ஷன் இருக்கு.