நார்த் கரோலைனாவில் பத்திரப் பதிவு: தபாலா, கவுண்டரா, மின்பதிவா?

அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் வீடு வாங்கும் நம்மவர்கள் கடன் வட்டியைக் கால் சதவீதம் வரை அலசுகிறார்கள். பத்திரம் எந்த வழியாகக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகத்துக்குப் போகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு. இந்த மாநிலத்தில் அதை அவசியம் கேட்க வேண்டும்.

ஊரில், அதாவது இந்தியாவில், 1908 பதிவுச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, பதிவான பத்திரம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லும். பதிவுக்குக் கொண்டுபோக நான்கு மாத அவகாசமும் உண்டு. இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. 1885இல் வந்த கானர் சட்டத்தின் வழியில், ஒரே வீட்டை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றுவிட்டால், விலை கொடுத்தவர்களில் முதலில் பதிந்தவருக்கே வீடு. முந்தைய விற்பனை அவருக்குத் தெரிந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே பதிவாகும் நிமிடம்தான் நம் பாதுகாப்பு.

தபாலில் அனுப்புவது, கவுண்டரில் நேரில் கொடுப்பது, இணையம் வழியாக அனுப்பும் மின்பதிவு என்ற மூன்று வழிக்கும் கவுண்டிக் கட்டணம் ஒன்றே: கிரயப் பத்திரத்துக்கு முதல் 15 பக்கங்கள் வரை 26 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 4 டாலர். விலையில் 500 டாலருக்கு 1 டாலர் என்ற மாநில வரியும் மாறாது. மின்பதிவில் இடையில் இருக்கும் நிறுவனத்துக்குச் சிறு தொகை கூடுதலாகும். வித்தியாசம் நேரத்திலும், தவறு எப்போது தெரிகிறது என்பதிலும்தான்.

வீடு வாங்கும்போது வழக்கறிஞர் வழியான மின்பதிவையே நான் சொல்வேன். பதிவுக்குச் சற்று முன் வில்லங்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவார். பெரும்பாலும் அன்றைக்கே பதிவாகிவிடும். பத்திரமும் அடமானப் பத்திரமும் பதிவான பிறகே கடன் பணத்தை விடுவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பதிவு தாமதமானால் விற்றவருக்குப் பணமும் தாமதம். அதனால் அவருக்கும் அவசரம் இருக்கும். அது நமக்கு நல்லது.

மனைவி பெயரைச் சேர்ப்பது, பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பது போன்ற குடும்பப் பத்திரங்களைப் பலரும் தபாலில் போடுகிறார்கள். நானும் போட்டேன். பத்திரம் தயாரித்தவர் பெயர் முதல் பக்கத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. அந்தப் பெயர் இல்லாமல் பதியக்கூடாது என்பது விதி. அலுவலகத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் போக வர இரண்டு வாரம் போய்விட்டது. மறுமுறை நேரில் போனேன். மேல் ஓரத்தில் மூன்று அங்குலம் விடாவிட்டால் 25 டாலர் கூடுதல் என்பதையெல்லாம் கவுண்டரில் அங்கேயே சொல்லிவிட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகம் போலக் கைரேகையோ புகைப்படமோ இல்லை, எழுதிக்கொடுப்பவர் வரவும் வேண்டாம். நோட்டரி சான்று போதும். சில கவுண்டிகளில் மட்டும் வரி பாக்கி இல்லை என்ற சான்று முதலில் வாங்க வேண்டும்.

இன்னொன்று, தபாலில் போட்ட தேதிக்கு மதிப்பே கிடையாது. தானப் பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைப்பது அதைவிட மோசம். எழுதிய இரண்டு ஆண்டுக்குள் பதியாவிட்டால் அது செல்லாது. அப்பா பிள்ளைக்கு அன்பாக எழுதிக்கொடுத்த வீடு அப்படிக் கைநழுவக் கூடாது.

எந்த வழியில் போனாலும் பெயரைச் சரிபாருங்கள். இங்கே பதிவேட்டில் தேடுவது ஆட்களின் பெயரை வைத்து. வாங்கும்போது இனிஷியலோடு, விற்கும்போது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக விரித்து என்று இருந்தால், தேடுபவருக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பழைய பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால் அதையும் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் அதைக் கேட்கமாட்டார், தாளில் உள்ளதை அப்படியே ஏற்றுவார். பதிவான பத்திரம் கைக்கு வந்ததும் புத்தக எண், பக்க எண், பதிவு நேரம் மூன்றையும் பார்த்துவிட்டு, கவுண்டியின் இணையப் பதிவேட்டில் உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.