அண்டா எப்போது திரும்பி வரும்? மிச்சச் சாப்பாட்டுக்கு நாலு வழிகள்

மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்வது என்ற கேள்வி ராத்திரி பத்தரைக்குத்தான் வரும். மேடையில் போட்டோகிராபர் விளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பார், மண்டபத்துக்காரர் சாவியோடு நிற்பார். தர்மபுரியில் எங்கள் வீட்டு ரிசப்ஷன் ஒன்றில் அப்படித்தான் நின்றோம். அறுநூறு பேருக்குச் சமைத்தோம், வந்தது நானூற்றுச் சொச்சம். ஓர் அண்டா வெஜிடபிள் பிரியாணி, அரை அண்டா சாம்பார், கரண்டியே படாத தயிர்சாதம் எல்லாம் அப்படியே நின்றன. மாமா தன்னார்வக் குழுவுக்குப் போன் போடச் சொன்னார். சித்தப்பா மகன், ஊருக்கு ஒரு பொது ஃப்ரிட்ஜ் இருந்தால் இந்தப் பாடே இல்லை என்றான். சமையல் மாஸ்டர் பக்கத்தில் இருந்த முதியோர் இல்லத்துப் பக்கம் கையைக் காட்டினார். இந்த மூன்றையும் அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது, அதற்குக் கல்யாணமே வேண்டாம்.

எந்த வழியானாலும் அதைக் கடிகாரத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் உலைக்கொதியையும் தாங்கும். வெதுவெதுப்பில் அது உண்டாக்கும் ஒரு நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. “பழைய சோறு தின்னு வளர்ந்தவங்கதானே நாம” என்று மாமா மடக்கினார். வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அது புளித்து அமிலமாகும். பருப்பும் தேங்காயும் கலந்தது மூடிய அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் ஊசிப்போகும். இரண்டும் ஒன்றாகாது. (நம் ஊர்க் கேழ்வரகுக் களிக்கு மிச்சம் என்ற பேச்சே கிடையாது. மிஞ்சினால் மறுநாள் மோரில் கரைத்துக் குடித்துவிடுவோம். கல்யாணத்தில் யார் களி போடுகிறார்கள்?)

சரி, முதலில் தன்னார்வக் குழு. கோவையில் நோ ஃபுட் வேஸ்ட் தொடங்கியது 2014ல். டெல்லியில் ராபின் ஹுட் ஆர்மி தொடங்கியதும் அதே ஆண்டுதான். ராபின் ஹுட் ஆர்மிக்காரர்கள் பணமாக எதையும் வாங்குவதில்லை, சாப்பாட்டையும் ஆட்களின் நேரத்தையும் மட்டுமே ஏற்கிறார்கள். இந்த மாதிரி ஏற்பாடு பெரிய நகரத்தில் நன்றாக ஓடும், ஏனென்றால் மண்டபமும் வண்டியும் பசித்தவர்களும் அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறார்கள். அன்று நாங்கள் பேசிய குழு சேலத்தில் இருந்தது. தொப்பூர் கணவாய் ஏறி இங்கே வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். ஆனால் போனை எடுத்த பையன் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கியது, பந்திக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்ததா, தேங்காய் அரைத்து ஊற்றியதா என்று கேட்டான். பிரியாணி ஏழு மணிக்கே இறக்கியது என்றதும், “வேண்டாங்கண்ணா, யாருக்கும் குடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டான். மாமாவுக்குக் கோபம். எனக்கோ அந்த ஒரு வார்த்தையிலேயே அந்தக் குழுமேல் நம்பிக்கை வந்தது. மிச்ச உணவை வாங்கிக் கொடுக்கும் அமைப்புகளுக்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. பதிவும் பதிவேடும் அதில் உண்டு. தர்மமாகக் கொடுப்பதற்கு எதற்கு நோட்டுப் புத்தகம் என்பவர்கள் அந்தப் பையனிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

ஓசூர் கதை வேறு. அங்கே சிப்காட் தொழிற்சாலைகளின் கேன்டீன்களில் வாரநாள் முழுக்கச் சமையல் நடக்கிறது. எத்தனை மணிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். குழுவும் வண்டியும் அங்கே நிலைத்து நிற்கும். முகூர்த்த நாளை மட்டும் நம்பியிருக்கும் ஊரில் நிற்காது.

பொது ஃப்ரிட்ஜ் பார்க்க அழகாக இருக்கும், போட்டோவிலும் நன்றாக விழும். சென்னையில் 2017லிருந்து ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் இப்படி வைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம், கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு இதைவிட மரியாதையான வழி இல்லை. ஆனால் அரை அண்டா சாம்பாரை அதற்குள் எப்படி வைப்பது? சூடாக வைத்தால் நடுப்பகுதி குளிரவே பல மணி நேரமாகும், உள்ளே இருக்கிற மற்றதும் கெடும். ரொட்டி, வாழைப்பழம், ஓட்டலில் கட்டிய நாலு பொட்டலம் என்றால் சரி. காவலுக்கு ஓர் ஆளும் தடைபடாத கரண்டும் இருந்தால், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசல்தான் அதற்கு ஏற்ற இடம். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு வந்துவிடும். கூடப் படுத்திருக்கும் அம்மாவோ அக்காவோதான் ராத்திரி டீயும் பன்னுமாகக் காலம் தள்ளுகிறார்கள். மற்ற முக்குகளில் ஃப்ரிட்ஜ் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மூன்றாவது வழியில் மண்டபமும் சமையல் மாஸ்டரும் அருகில் உள்ள முதியோர் இல்லம் போன்ற இரண்டு மூன்று இல்லங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். முக்கியக் காரணம், இதில் முடிவெடுக்கும் நேரம் பத்தரையிலிருந்து எட்டரைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது பந்தி உட்காரும்போதே மாஸ்டருக்குத் தெரிந்துவிடும், எந்த அண்டா திறக்கப்படாது என்று. அவர் கண் தப்பாது. அப்போதே இல்லத்துக்குச் சொன்னால் அங்கே இரவுச் சமையலை நிறுத்திவிடுவார்கள், சாப்பாடு சூடு ஆறுவதற்குள் தட்டுக்குப் போகும். இல்லங்களின் குறையும் கேட்க வேண்டியதுதான். ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபத்திலிருந்து கேசரி வந்து இறங்கும், அடுத்த பத்து நாள் ஒன்றும் வராது. சர்க்கரை நோயுள்ள தாத்தாக்களுக்குக் கேசரியை என்ன செய்வது என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார்.

இனி அந்த நாலாவது வழி, தக்காளி. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் விலை விழுந்தால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது. செடியிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ரோட்டோரம் கொட்டுவார்கள். எடையை வைத்துப் பார்த்தால் ஒரு மண்டபத்து மிச்சமெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. அதோடு இங்கே கடிகாரம் மெதுவாக ஓடும். காய்ப்பதமாகப் பறித்தால் சில நாள் தாங்கும், ஊறுகாயாகவும் தொக்காகவும் மாற்றினால் மாதக்கணக்கில் இருக்கும். கேட்டால் விவசாயி இலவசமாகவே தருவார், ஆனால் பறிகூலியை யாராவது கொடுக்க வேண்டும். விடுதிகளும் இல்லங்களும் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியையும் நாலு ஆள் கூலியையும் பங்கு போட்டால் முடிகிற காரியம். ஆனால் பசியோடு இருக்கிறவருக்குத் தக்காளி மட்டும் கொடுத்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. அடுப்பும் ஆளும் இருக்கிற இடத்துக்குத்தான் இது பொருந்தும். நடைபாதையில் படுப்பவருக்கு உதவாது.

பெரியம்மா பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மாஸ்டரிடம் இல்லத்து விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “அண்ணே, அண்டா எப்ப திரும்பி வரும்?” என்றார். வாடகைப் பாத்திரம், எண்ணிக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலை அது ஊத்தங்கரையில் இன்னொரு விசேஷத்துக்குப் போக வேண்டும். இத்தனை நாளும் நல்ல சாப்பாடு குழிக்குள் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான் போலிருக்கிறது. மொய்ப் பணத்தில் மூடியோடு இரண்டு அண்டா வாங்கி இல்லத்தின் பெயரை வெட்டிக் கொடுத்தோம். இப்போது அவை அந்த மண்டபத்துச் சமையல்கட்டிலேயே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.