ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது: எதை எப்போது நிறுத்துவது, எதைத் திறந்து வைப்பது

ஜெர்மனியில் வீடு, மின்சாரம், இணையம், காப்பீடு, ரயில் பாஸ் எல்லாமே ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. ஊரைவிட்டுப் போனால் அவை தாமாக நிற்காது. ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. பல வருடம் இருந்துவிட்டு இந்தியா திரும்பும் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கெடுக்களின் வரிசையில்தான். வரிசை பிடிபட்டுவிட்டால் கடைசி வாரங்கள் அக்கம்பக்கத்தாரோடும் பிள்ளைகளின் சிநேகிதர்களோடும் இருக்க மிஞ்சும். அந்த நாட்களுக்காகவே இதைக் கறாராகச் செய்ய வேண்டும்.

முதலில் வீடு. வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். நான்காவது நாள் சேர்ந்தால் ஒரு மாத வாடகை கூடுதல். மின்னஞ்சல் செல்லாது, பேனாவால் கையெழுத்திட்ட தாள் வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் ஒப்பம் வாங்குங்கள்.

அடுத்தது 'ஆப்மெல்டுங்', அதாவது நகராட்சியில் முகவரியை நீக்குவது. சிக்கலின் முடிச்சு இங்கேதான். கிளம்புவதற்கு ஏழு நாள் முன்புதான் இதைச் செய்ய முடியும். கிளம்பிய பின் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் மற்ற எல்லோரும் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். இணைய நிறுவனம் சேவை தர முடியாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமை உண்டு. மின்சாரத்துக்கு ஆறு வாரம். இரண்டுமே சான்றிதழ் கிடைப்பதற்கு முன்பே வந்துவிடும் கெடுக்கள். அதனால் கடிதத்தைக் கெடுவுக்குள் அனுப்பி, 'சான்றிதழ் பின்னர் அனுப்பப்படும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சான்றிதழுக்காகக் காத்திருப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். மின்சாரத்தில் இன்னொன்று: 2025 ஜூன் முதல் பின்தேதியிட்டு விலக முடியாது. முன்பெல்லாம் காலி செய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது இப்போது நடக்காது.

உடற்பயிற்சிக்கூடத்தில் ஊர் மாறுவது மட்டும் விலகக் காரணமாகாது. 2016இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்பளித்தது. திரும்பும் எண்ணம் இருக்கும் வருடத்தில் ஆண்டுச் சந்தா எடுக்காதீர்கள். 'டாய்ச்லாந்து டிக்கெட்' என்ற மாதாந்திர ரயில்-பேருந்துப் பாஸை 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணமும் (வானொலி, தொலைக்காட்சிக்கானது) ஆப்மெல்டுங்கால் தானாக நிற்காது. தனியாக எழுத வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் மறக்கவே கூடாது. வேலை முடிந்ததும் அரசுக் காப்பீடு உங்களைத் தானாகச் சந்தாதாரராகத் தொடர வைக்கும். நாட்டைவிட்டுப் போனதற்குச் சான்று போகாவிட்டால், வருமானம் தெரியாத நிலையில் உச்சவரம்புச் சந்தா போடுவார்கள். அது மாதம் 1,000 யூரோவைத் தாண்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே முதல் நகல் இவர்களுக்குத்தான்.

வீட்டை ஒப்படைப்பதில் தமிழ்ச் சமையலறைக்கென்று சில தனி வேலைகள் உண்டு. அடுப்புக்கு மேலே சுவரில் படிந்த எண்ணெய் மஞ்சளின் மேல் நேராக வெள்ளை அடித்தால் சில நாளில் கறை மேலே ஊறி வரும். முதலில் கொழுப்பு நீக்கியால் துடைத்து, கறை தடுக்கும் 'இசோலியர்ஃபார்ப' ஒரு பூச்சு அடித்து, அதன்பின் வெள்ளை. புகைபோக்கியின் உலோக வடிகட்டியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலேயே போடலாம். வெள்ளைப் பலகையில் மஞ்சள்தூள் கறை இருந்தால் வெயில் படும்படி விடுங்கள். ஒளியில் மஞ்சளின் நிறம் சிதைந்து மங்கும். குளியலறைச் சுண்ணாம்புக்கு சிட்ரிக் அமிலம் நல்லது, ஆனால் குளிர்ந்த நீரில் கரைக்க வேண்டும். சுடுநீரில் கரைத்தால் கால்சியம் சிட்ரேட் படிந்து இன்னும் இறுகிவிடும். பளிங்கில் படவே கூடாது.

அடர் நிறம் அடித்த சுவரை வெளிர் நிறத்துக்குத் திருப்ப வேண்டும். ஆனால் குடிவரும்போது வெள்ளையடிக்காத வீட்டைத் தந்து, அதற்கு ஈடும் தரவில்லை என்றால், முழு வீட்டையும் அடித்துக் கொடு என்று கேட்க முடியாது; 2015 தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது. ஒப்படைப்பைப் பகல் வெளிச்சத்தில், சாட்சிக்கு ஒருவரோடு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், ஹீட்டர் மீட்டர்களின் எண்ணும் அளவும், தபால்பெட்டி, நிலவறை உட்பட எல்லாச் சாவிகளின் எண்ணிக்கையும் அறிக்கையில் இருக்க வேண்டும். 'இந்தச் செலவை ஏற்கிறேன்' என்ற வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள். அறிக்கையில் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. இட்டால் அந்த வரி கடன் ஒப்புதலாகிவிடும்.

பொருட்களில், பொருத்திய சமையலறையை அடுத்த குடித்தனக்காரருக்கு விற்பதே லாபம். கழற்றினால் பாதி மதிப்பு போய்விடும். எட்டு வாரம் முன்பே விளம்பரம் கொடுங்கள், வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மரத்தூள் பலகை அலமாரி இரண்டாவது கழற்றலைத் தாங்காது, இலவசமாகக் கொடுத்துவிடலாம். மின்சாதனங்கள் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அப்படியே ஓடும். ஆனால் 'ஷூகோ' என்ற ஜெர்மன் பிளக் நம் ஊர்ச் சாக்கெட்டில் எர்த்தோடு பொருந்தாது. துணி துவைக்கும் இயந்திரம் கொண்டுபோனால் அடாப்டரை நம்பாமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளின் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம், மருத்துவ அறிக்கைகள், பள்ளிச் சான்றுகள், வேலையிடத்து விரிவான நற்சான்று ஆகியவற்றை நேரில் வாங்கிவிடுவது எளிது. சென்னையிலிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு. குழந்தைப் படி வரும் குடும்பங்கள் கிளம்பும் தேதியைத் தெரிவித்துவிட வேண்டும், கூடுதலாக வந்த மாதங்களைத் திரும்பக் கேட்பார்கள். திரும்பி வர எண்ணம் இருந்தால்: சாதாரண வசிப்பு அனுமதி ஆறு மாதம் வெளியே இருந்தால் காலாவதியாகும், உயர்தகுதிப் பணியாளர்களுக்கான 'நீல அட்டை' அனுமதிக்குப் பன்னிரண்டு மாதம். நீட்டிப்பு வேண்டுமானால் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

வங்கிக் கணக்கையும் அதோடு இணைந்த கைபேசி எண்ணையும் அவசரப்பட்டு மூடாதீர்கள். முன்பணத்தின் ஒரு பகுதியை ஹீட்டர், தண்ணீர் போன்ற இதரச் செலவுகளின் ஆண்டுக் கணக்குக்காக வீட்டுக்காரர் பிடித்து வைக்கலாம். 2025 ஜூனில் காலி செய்தவருக்கு அந்த ஆண்டின் கணக்கு 2026 டிசம்பர் 31 வரை வரலாம். ஆண்டின் நடுவில் கிளம்பியவருக்கு வருமானவரி திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கட்டாயமில்லாமல் தாமாகத் தாக்கல் செய்யும் 'விருப்பக் கணக்கு'க்கு நான்கு வருடம் அவகாசம். அந்த ஆண்டின் மீதியில் இந்தியாவில் ஈட்டியதும் வரிவிகிதத்தைக் கணக்கிடும்போது சேரும். ஓய்வூதியத்தில் 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டிய இந்தியர்கள், 24 மாதம் கழித்து 'வி0901' படிவத்தில் தங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். முதலாளி கட்டிய பங்கு வராது, வட்டியும் இல்லை. 60 மாதம் கட்டிவிட்டால் பணம் திரும்பாது. ஓய்வு வயதில் மாத ஓய்வூதியமாக இந்தியாவுக்கே வரும். அதனால் ஓய்வூதியக் காப்பீட்டு எண் உள்ள கடிதத்தைக் கைப்பெட்டியில் வையுங்கள், கப்பல் பெட்டியில் அல்ல.